போடாத நாலு திருகாணிகள்

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவளுக்கு அந்தத் தெருவில் ‘பஸ்ஸம்மா’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. கட்டிய கணவரே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார். அத்தனை வருடத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஏறிய பிள்ளை ஒன்றின் முழங்கால்கூடச் சிராய்த்ததில்லை. பணி ஓய்வு பெற்ற நாளில் அதைத்தான் தடித்த தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அவள் அதைச் சுவரில் மாட்டவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பார்களே என்று கூச்சம். ஆனால் புடவை அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்றதும் அவள் செய்த முதல் காரியம், ஒரு பழைய கேம்பர் வேன் வாங்கியதுதான். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, ஓர் அடுப்பு, மடக்கு மேசை, தலைக்கு மேல் சின்னச் சின்ன அலமாரிகள். கூரையின் நடுவில் காற்று வர ஒரு சதுரத் திறப்பு. அதன் மேல் ஒரு கனத்த வெள்ளை மூடி, பெரிய தாம்பாளம் அளவுக்கு. “ஊர் ஊராப் போவோம், வாங்க” என்று கணவரைக் கூப்பிட்டாள். அவர் ரொட்டிக்கடை அடுப்பு முன்னால் நின்றே தலை நரைத்தவர்.

“பாதி ஆயுசு அடுப்புக்கு முன்னால போயிடுச்சு. மிச்சத்த டப்பாவுக்குள்ள கழிக்கணுமா? நீயும் உன் தங்கச்சியும் போயிட்டு வாங்க. எனக்கு வீட்டுக் கட்டில் போதும்.”

தங்கைக்குக் கேட்க வேண்டுமா? அவள் தையற்கடைக்காரி. அவள் வாயும் தையல் இயந்திரமும் ஓடத் தொடங்கினால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. பத்து நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, வேனுக்குத் திரைச்சீலை தைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பெய்த மழையில் கூரை ஒழுகியது. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்துப்போயிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தலையணையில் விழுந்து மஞ்சளாகக் கறை. வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டாள். அந்த வட்டாரத்தில் எல்லோரும் கைகாட்டும் ஆள். நாக்கில் தேன் தடவிப் பேசுவார்.

“இதெல்லாம் ஒரு வேலையாக்கா? மூடியக் கழட்டி, பழச எடுத்துட்டு, புது ரப்பர் போட்டு மாட்டணும், அவ்வளவுதான். நாளைக்குக் காலையில வந்து சாவிய வாங்கிக்கிட்டு அப்படியே கிளம்பிடுங்க.”

அப்படியேதான் கிளம்பினார்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போது, “கவலப்படாமப் போயிட்டு வாங்க, ஒரு சொட்டு உள்ள வராது” என்றார்.

நெடுஞ்சாலையில் ஏறி நாற்பது நிமிடம் இருக்கும். தங்கை யாரோ ஒரு வாடிக்கையாளர் ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூரையில் கடப்பாரையால் ஓங்கி அடித்ததுபோல் ஒரு சத்தம். அடுத்த நொடி வண்டிக்குள் காற்று புகுந்து எல்லாவற்றையும் தூக்கியது. திரைச்சீலை, வரைபடம், காகிதத் தட்டுகள் எல்லாம் பறந்தன. பஸ்ஸம்மாவின் கண் பழக்கத்தில் பின்பக்கக் கண்ணாடிக்குப் போயிற்று. வெள்ளை மூடி சாலையில் விழுந்து, தெறித்து, சறுக்கிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டர் வளைந்தது, ஆடியது, சாய்ந்தது.

அவள் கத்தவில்லை. விளக்கைப் போட்டு, ஓரம் கட்டி, நிறுத்தி, இறங்கினாள். விழுந்த ஸ்கூட்டரை நோக்கி இருநூறடி ஓடினாள்.

ஸ்கூட்டர்காரர் சரளைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தலைக்கவசம் தலையிலேயே இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்த மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை.

“என்னம்மா வண்டி ஓட்டுறீங்க?” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “கூரையப் பிச்சுப் பின்னால எறிஞ்சுக்கிட்டே போவீங்களா?”

தங்கை ஓடிவந்து தன் துப்பட்டாவை மடித்து அவர் கைக்கு அடியில் கொடுத்தாள்.

“நான் முடி வெட்டுறவன்மா,” என்றார் அவர், இப்போது குரல் இறங்கி. “இந்தக் கைதான்.”

ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. காவலர் ஒருவர் வந்தார். மூடியைப் படம் பிடித்தார், கூரையைப் படம் பிடித்தார், ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை நிரப்பி அவள் கையெழுத்துக்கு நீட்டினார். அதில் ஒரு வரி: ‘வாகனப் பராமரிப்பில் ஓட்டுநரின் கவனக்குறைவு.’

“இன்னைக்குக் காலையிலதான் சார் மெக்கானிக் கையால மாட்டி வாங்கிட்டு வந்தேன்.”

“அவர் மாட்டினதுக்கு ஆதாரம் குடுங்க, மாத்தி எழுதுறேன். இப்ப வண்டி உங்க பேர்ல இருக்கு, ஓட்டுனதும் நீங்க.”

அவள் கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவளைப் பற்றி யாரும் எழுதாத ஒரு சொல்லுக்குக் கீழே தன் பெயரைத் தானே எழுதினாள். அங்கேயே நின்றபடி மெக்கானிக்குக்குப் போன் போட்டு, மூடி பறந்ததையும் ஒருவர் விழுந்ததையும் சொன்னாள்.

“அய்யய்யோ,” என்றார் அவர். “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? நல்லவேளை. அக்கா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. காத்துக்காக மூடியக் கொஞ்சம் திறந்து வச்சுட்டு ஓட்டினீங்களோ? நிறையப் பேரு அப்படித்தான் மறந்துடுறாங்க. அதுலயும் லேடீஸ்…”

மீதியை அவள் கேட்கவில்லை. போனை அணைத்துவிட்டாள். அதுவரை இருந்தது பயம். அந்த ‘லேடீஸ்’ என்ற சொல்லில்தான் அது கோபமாகத் திரிந்தது. அதன் பிறகு பயம் திரும்பி வரவே இல்லை.

வீட்டுக்குத் திரும்புவதற்காகக் கூரையின் ஓட்டையை மூட வேண்டியிருந்தது. தங்கை மேசை விரிப்பை எடுத்துக்கொண்டு மெத்தைமேல் ஏறினாள். விரிப்பின் முனையை எங்கே செருகலாம் என்று மேலே இருந்த அலமாரித் தட்டில் கையை விட்டுத் துழாவியவள், “அக்கா, இது உன்னோடதா?” என்றாள்.

அவள் கையில் ஒரு காகிதக் கோப்பை. அடியில் காய்ந்த டீக் கறை. வெளியே கறுப்பு கிரீஸில் ஒரு கட்டைவிரல் ரேகை, முத்திரை குத்தியதுபோல். உள்ளே நாலு திருகாணிகள்.

பஸ்ஸம்மா கோப்பையை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். மூடியின் கீலைக் கூரைச் சட்டத்தோடு இறுக்குவதற்கு நாலு துளைகள். நாலும் காலி. உள்கொக்கி ஒன்றை மட்டும் இழுத்து மாட்டிவிட்டு அந்த ஆள் இறங்கிப் போயிருக்கிறார். அந்த ஒற்றைக் கொக்கியின் தயவில்தான் நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறது.

“நாலுல ஒண்ணுகூடப் போடலையா?” என்றாள் தங்கை. வாழ்க்கையில் முதல் முறையாக அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு ஓடவில்லை.

அன்று வீட்டில் கணவர் தண்ணீர் கொடுத்தார், ஆறுதல் சொன்னார், கடைசியில் எப்போதும் சொல்வதையே சொன்னார். “விடு. பெருசா ஒண்ணும் ஆகல. வேற மூடி வாங்கிப் போட்டுக்கலாம்.”

“பெருசா ஒண்ணும் ஆகலையா? அந்த மனுஷன் கொஞ்சம் வேகமா வந்திருந்தா மூடி கழுத்துக்கு வந்திருக்கும். நீங்க என்ன மூடியப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்க?”

அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அவளும் தங்கையும் பட்டறைக்குப் போனார்கள். காலை பத்து மணி, நல்ல கூட்டம். மூன்று பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“வாங்கக்கா. நானே வரணும்னு இருந்தேன். புது மூடிக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வந்துடும். நம்ம செலவு. நீங்க ஒண்ணும் நினைக்காதீங்க.”

“யாரு கேட்டா மூடிய?”

அவள் காகிதக் கோப்பையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் உள்ளே பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, ஆனால் அதற்குள் ஆள் இல்லை.

“இது வந்து… மிச்சமான ஸ்க்ரூவா இருக்கும்க்கா. சில நேரம் கூடுதலா…”

“எனக்கே காது குத்துறியா?”

‘நீங்க’ அந்த இடத்தில் ‘நீ’ ஆயிற்று. அது நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த குரல். பெஞ்சில் இருந்த மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உள்ளே எங்கோ ஓடிக்கொண்டிருந்த காற்றடிக்கும் பம்பை யாரோ நிறுத்தினார்கள்.

“சட்டத்துல நாலு ஓட்டை. கோப்பையில நாலு ஸ்க்ரூ. எது மிச்சம்? சொல்லு. உன் விரல் ரேகை இதுமேல இருக்கு. ‘திறந்து வச்சுட்டு ஓட்டினீங்களோ’ன்னு என்னக் கேட்டியே, எந்த வாய் அது?”

“அக்கா, மெதுவா. உள்ள உக்காந்து பேசலாம்.”

“உக்கார வேணாம். போலீஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் குடு. நான் மாட்டலன்னு எழுது.”

அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். “அது மட்டும் முடியாதுக்கா. எழுதிக் குடுத்தா என் லைசென்ஸ் மேல கை வைப்பாங்க. பட்டறையே போயிடும். மூடி தர்றேன், உள்ள முழுக்கப் புது ரப்பர் போட்டுத் தர்றேன், வாழ்நாள் பூரா உங்க வண்டிய இலவசமாப் பாத்துக்கறேன்.”

“உன் கையில இன்னொரு தடவ வண்டியக் குடுக்கறதா?” என்றாள் தங்கை. பெஞ்சில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து, தன் வண்டிச் சாவியை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸம்மாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஆள் மூடி, ரப்பர், லைசென்ஸ், பட்டறை என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசியாயிற்று. கீழே விழுந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனிலும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

“வண்டியில ஏறு,” என்றாள்.

“எங்க?”

“நீ தள்ளிவிட்ட ஆளப் பாக்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கைத்துணியைப் பெஞ்சில் போட்டுவிட்டு ஏறினார். வழியெல்லாம் கூரையில் கட்டியிருந்த மேசை விரிப்பு படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

காவலரிடம் முகவரி கேட்டு வைத்திருந்தாள்; முடிதிருத்தகம் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு நாற்காலி, நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு மரப்பலகை. கதவில் ‘கடை திறக்காது’ என்று இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. உள்ளே கடைக்காரர் விரலிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டோடு, மற்றக் கையால் கத்தரிக்கோல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றைத் தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டு திறந்து மூடிப் பார்த்தார். வந்தவர்களைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“நீங்களா? இப்ப என்ன விழுந்துச்சு?”

“இவர்தான் மூடிய மாட்டின மெக்கானிக்,” என்றாள் பஸ்ஸம்மா. “நீங்களே கேளுங்கன்னு கூட்டிட்டு வந்தேன்.”

கடைக்காரர் மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியைக் காலால் திருப்பிவிட்டார்.

“உக்காருங்க.”

மெக்கானிக் உட்கார்ந்தார். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மடியில் இருந்த தன் கைகளையே பார்த்தார்.

“எத்தன ஸ்க்ரூ போடணும்?”

“நாலு.”

“எத்தன போட்டீங்க?”

“போடலை.”

“ஏன்?”

“போன் வந்துச்சுங்க. பேசிக்கிட்டே கீழ இறங்கினேன். திரும்ப மேல ஏறினதா ஒரு நினைப்பு. சாவியக் குடுக்கும்போது எல்லாம் முடிஞ்சதுன்னே நினைச்சேன். சத்தியமா.”

“யாரு போன்ல?”

மெக்கானிக் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார். “ஞாபகம் இல்லைங்க.”

பஸ்ஸம்மாவுக்குத் தலைக்குள் ஏதோ கொதித்தது. மனைவிக்குப் பிரசவ வலி, அம்மா விழுந்துவிட்டார் என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவள் ஒரு நொடி தணிந்திருப்பாள். யார் என்றே நினைவில்லாத ஒரு போன். அதற்காக ஒரு மனிதனின் கை.

“ஞாபகம்கூட இல்லையா உனக்கு?” என்று அவள் தொடங்கும்போதே கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

“சத்தம் போடாதீங்கம்மா. உங்களையும் ஒண்ணு கேக்கணும். வண்டிய எடுக்கறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ பாக்கலையா?”

இந்தக் கேள்வியை அவள் இரண்டு நாளாகத் தன்னைத் தானே கேட்கவிடாமல் தடுத்து வைத்திருந்தாள். பேருந்து ஓட்டிய காலத்தில் தினமும் காலையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவருவாள். டயரைத் தட்டிப் பார்ப்பாள். பின்கதவை இழுத்துப் பார்ப்பாள். கடைசியில் உள்ளே நடந்துபோய்க் கூரைக் கதவைக் கையால் அழுத்திப் பார்ப்பாள். மழையோ காய்ச்சலோ, விட்டதில்லை. அன்று காலை மட்டும் சாவியை வாங்கினாள், தங்கையின் சிரிப்புக்குச் சிரித்தாள், கிளம்பிவிட்டாள். ஏணிகூட வேண்டாம். அண்ணாந்து பார்த்திருந்தால் போதும்.

“பாக்கலை,” என்றாள். “பாத்திருக்கணும். லீவுன்னு இருந்துட்டேன்.”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னத் தள்ளிவிட்டிருக்கீங்க,” என்றார் கடைக்காரர். “அவர் மறந்தாரு, நீங்க பாக்கல. நான்தான் ஒழுங்கா வந்தேன். டாக்டர் எட்டு வாரம்னு சொல்றாரு. அப்புறமும் பழைய பிடி வருமான்னு கேட்டா, ‘பாப்போம்’ங்கறாரு. நாப்பது வருஷமா இந்தக் கைக்கு நான் எதுவும் சொல்லிக் குடுத்ததில்ல, அதுவா வெட்டும். இனிமே நான் அதுக்கு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும்.”

தங்கை கதவோரம் நின்று தன் வலது கை விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் எழுந்தார். “மன்னிச்சிடுங்க,” என்றார். தேன் எதுவும் அதில் இல்லை. வறண்ட குரல்.

“அத வச்சு நான் என்ன பண்றது?” என்றார் கடைக்காரர். “இந்தம்மா கேட்டதயாவது எழுதிக் குடுங்க. செஞ்சவன் பேர் தெரிஞ்சு கை உடைஞ்சா ஒரு மாதிரி. யார் பேர்லயோ எழுதி மூடிட்டா அது வேற மாதிரி.”

விலைப்பட்டியல் அடித்த தாள் ஒன்றின் பின்புறத்தில் மெக்கானிக் எழுதினார். எழுதும்போது இரண்டு முறை நிறுத்தினார். ‘நாலு திருகாணிகளையும் நான் பொருத்தவில்லை’ என்ற வரியில் பேனா அழுந்தித் தாள் கிழியப் பார்த்தது. கையெழுத்துப் போட்டு பஸ்ஸம்மாவிடம் கொடுத்தார். திரும்பிப் போகும்போது வேனில் ஏறவில்லை. நடந்தே போகிறேன் என்று சந்தின் முனையைத் தாண்டி நடந்தார். பட்டறை அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். அவள் ஏறச் சொல்லிக் கூப்பிடவில்லை.

காவலர் படிவத்தை மாற்றி எழுதினார். மெக்கானிக்கின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். புது மூடி ஒரு பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்தது. அவள் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினாள். வேறு கடையில் ஒரு மூடி வாங்கி, தங்கை கீழிருந்து விளக்குப் பிடிக்க, அவளே மாட்டினாள். கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பதினோராவது வாரம் அந்தச் சந்தில் கடை திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கணவரை முடிவெட்டக் கூட்டிப்போனாள். கடைக்காரர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். துணியைப் போர்த்தி, வேலையைத் தொடங்கினார். முன்பக்கம் நன்றாகத்தான் வந்தது. பின்கழுத்துக்கு வரும்போது கத்தி பிடித்த கை மெல்ல நடுங்கியது. நிறுத்தி, விரல்களை உதறி, மறுபடி தொடங்கினார். மறுபடி நிறுத்தினார்.

“இன்னும் சரியா வரலை,” என்றார், யாரையும் பார்க்காமல்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் கணவர். அவருக்கு எங்கே தெரியப்போகிறது, பின்கழுத்து.

திரும்பி வரும்போது கணவர் முன்னால் நடந்தார். அவர் கழுத்தின் மயிர்க்கோடு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தவளுக்கு, தணிந்துவிட்டது என்று நினைத்திருந்த கோபம் காலிலிருந்து ஏறியது. மெக்கானிக் மேல் பாதி, தன் மேல் பாதி. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

“என்ன, பேசாம வர்ற?” என்றார் கணவர்.

“ஒண்ணுமில்ல. நடங்க.”